மான்மொட்டையில் கட்டிய சேலைகள்

வெளிச்சம். தரையில் வெளிச்சம்.

மரம் சாய்ந்த சத்தம் அடங்கும் முன்னே அது வந்து விழுந்துவிட்டது. ஈரமும் கறுப்புமாகக் கிடந்த மண்ணில், ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு மஞ்சள் வெயில். ஏழு பெண்கள் வேலையை விட்டுவிட்டு அதைச் சுற்றி நின்றோம்.

சிலம்பாயி செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குள் கால் வைத்தாள். "சுடுதுடி!" என்றாள். மாசி மாதக் குளிரில் அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தோம்.

மெஷின் ரம்பம் மறுபடி கத்தியது. அடுத்த மரம் சாய்ந்தது. அடுத்த பாய் விரிந்தது. அன்று சாயங்காலத்துக்குள் மலை முழுக்க வெயில் காய வந்தது போல இருந்தது.

என் பெயர் போதுமணி. கொடைக்கானலுக்கும் மேலே, பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்துக்கும் மேலே எங்கள் ஊர். கேரட்டும் பூண்டும் போடுகிற ஊர். ஊருக்கு மேலே இருக்கும் சரிவுக்கு மான்மொட்டை என்று பெயர்.

பெயரில்தான் மான். நான் வாழ்க்கைப்பட்டு வந்த இருபத்திரண்டு வருஷத்தில் அங்கே ஒரு மான் மேய்ந்து நான் பார்த்ததில்லை.

எப்படி மேயும்? முழுக்க வாட்டில் மரம். எந்தக் காலத்திலோ, தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று கடல் தாண்டிக் கொண்டுவந்து நட்டது. நட்டது கொஞ்சம், முளைத்தது கொள்ளை. தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். கீழே புல் கிடையாது. செடி கிடையாது. புழு கூட யோசித்துத்தான் வரும்.

தூரத்தில் இருந்து பார்க்கிறவர்கள், ஆகா, பச்சை என்பார்கள். பச்சைதான். மேலே பச்சை, கீழே பட்டினி. பட்டினி கிடக்கிற மான் என்ன செய்யும்? இறங்கி வரும். கீழே எங்கள் கேரட் இருக்கிறது.

வனத்துறை வந்து, முதலில் பத்து ஏக்கர் மட்டும் வெட்டிப் பார்க்கலாம், சரிப்பட்டால் மிச்சத்தை அடுத்த மாசியில் வெட்டலாம் என்றபோது ஊரே எதிர்த்தது. மரத்தை வெட்டினால் மழை போய்விடும் என்றார்கள். இருக்கிற மானும் ஓடிவிடும் என்றார்கள். விறகுக்கு எங்கே போவது என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. எழுந்துவிட்டேன். "வாட்டிலுக்குக் கீழ என்ன இருக்குன்னு யாராச்சும் குனிஞ்சு பாத்தீங்களா? வெட்டுனா புல்லு வரும். புல்லு வந்தா மானு அங்க மேயும். அங்க மேஞ்சா இங்க எதுக்கு வரப்போகுது?"

"மான்கிட்ட பேசிட்டு வந்தியாக்கும்?" என்று யாரோ கேட்டார்கள். கூட்டம் சிரித்தது. புதிதாக வந்திருந்த ரேஞ்சர் அம்மா சிரிக்கவில்லை. என் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். மறுவாரம் வேலைக்கு எடுத்த பெண்களுக்கு நான்தான் மேஸ்திரி.

அவ்வளவு தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது? பயத்தில் இருந்து வந்தது. அந்தப் பயம் எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது.

பரணில் ஒரு சாக்கு. சாக்குக்குள் பைக் கிளச் கம்பிகள். ஒவ்வொன்றும் சுருக்குப் போட வாகாக வளைந்து கிடக்கும். மான் கழுத்து நுழைகிற அளவு.

என் வீட்டுக்காரர் குழந்தைவேல் கெட்ட மனுஷர் இல்லை. மான் நடக்கும் தடமெல்லாம் அவருக்கு அத்துப்படி. போன வருஷம் கடமான்கள் ஒரே வாரத்தில் பாதிக் கேரட்டைத் தோண்டித் தின்றன. இவர் சுருக்கு வைத்தார். ஒன்று விழுந்தது. அன்றைக்கே வனத்துறையும் வந்தது.

முப்பத்தெட்டு நாள் உள்ளே இருந்தார். ஜாமீனில் வந்தார். வழக்கு இன்னும் நடக்கிறது. இன்னொரு தரம் பிடிபட்டால் வருஷக்கணக்கில் வெளியே வர முடியாது என்று வக்கீல் என்னிடம் தனியாகச் சொன்னார்.

விழுந்த மானை நான் பார்த்தேன். பெட்டை. கம்பியைச் சுற்றி மண்ணை உழுது போட்டிருந்தது. மானை நினைத்து அழுகிறேனா, கேரட்டை நினைத்தா, இவரை நினைத்தா என்று எனக்கே விளங்கவில்லை. மூன்றுக்கும் சேர்த்து அழுதேன்.

மான்மொட்டையில் மரம் வெட்டத் தொடங்கிய அன்று அவரிடம் கேட்டேன். கார்த்திகை தீபம் வரைக்கும் சுருக்கு வைக்கக் கூடாது. தீபம் முடிந்த வாரம்தான் கேரட் பறிப்பு.

அவர் பரணை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சொன்னார். "அதுக்குள்ள மானு மேல மேயப் போயிருச்சுன்னா சாக்க நானே ரேஞ்சர் கையில குடுக்குறேன். போகலைன்னா, என்னைய நீ தடுக்கக் கூடாது மணி." என் உள்ளங்கையில் அடித்துக் கொடுத்தார். கை எரிந்தது.

அன்றிலிருந்து எனக்குப் புல் பைத்தியம். காலையில் கண் விழித்தால் புல். தூங்கப் போனால் புல். வா, சீக்கிரம் வா, என் தாயே வா.

சித்திரையில் மழை வந்தது. பெரிய சொட்டு. முன்பெல்லாம் மரங்களுக்கு மேலேயே தங்கிவிடும் மழை, இப்போது நேராகத் தரைக்கு வந்தது. மண் வாசம் மூக்கில் ஏறியது. நான் நனைந்துகொண்டே நின்றேன்.

எட்டாம் நாள் பச்சை. ஊசி ஊசியாய்ப் பச்சை. கத்திக்கொண்டே ஓடினேன். குனிந்து பார்த்தேன். புல் இல்லை. வாட்டில். அத்தனையும் வாட்டில் கன்று!

மண்ணுக்குள் எத்தனை வருஷத்து விதை தூங்கியதோ, வெயில் பட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டது. மரத்தை வெட்டுவது ஒரு மாத வேலை. இதைப் பிடுங்குவதுதான் வேலை. ஏழு பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். பிடுங்கினோம். நகர்ந்தோம். பிடுங்கினோம். விரல் நுனியெல்லாம் பிளந்தது, ஆனாலும் பாட்டு நிற்கவில்லை.

மூடுபனி இறங்கினால் பிடுங்கிய வரிசை எது, பிடுங்காத வரிசை எது என்று தெரியாது. ஒருநாள் முழுக்கப் பிடுங்கிய இடத்தையே திரும்பத் தடவிக்கொண்டிருந்தோம். நான்தான் யோசனை சொன்னேன். முடித்த வரிசையின் முனையில் ஒரு குச்சி நடு. குச்சியில் பழைய சேலைத் துண்டு கட்டு. பனிக்குள்ளும் கண்ணுக்குப் படும்.

பழைய சேலைக்கு எங்கே போவது? எங்கள் ஊரில் பழைய சேலை வீட்டில் இருக்காது. தோட்டத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும். காற்றில் ஆடினால் பன்றி தயங்கும் என்று ஊரில் எல்லோரும் கட்டுவார்கள். போன வருஷச் சேதத்துக்குப் பிறகு என் தோட்டத்தில் நான் கட்டிய சேலைகளை அவிழ்த்துக்கொண்டு மலைக்குப் போனேன். மற்ற பெண்கள் வீட்டில் கிடந்த முந்தானைத் துண்டு, பாவாடைக் கரை என்று கொண்டுவந்தார்கள்.

மலை திருவிழா போல ஆனது. சிவப்பு, ஊதா, கிளிப்பச்சை, என் கல்யாணத்துக்கு அடுத்த வருஷத்து மாம்பழ மஞ்சள். வரிசை முடிய முடியத் துண்டு ஏறியது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனியில் நிஜமான புல் வந்தது. கன்று போன இடத்தில், மெல்லிசாய், வெளிறிய பச்சையில். ஆடிக் காற்றில் அது முதல் தடவை சாய்ந்து எழுந்தது. சிலம்பாயி என்னைக் கிள்ளினாள். நானும் அவளைக் கிள்ளினேன்.

பங்குனியிலேயே, ரம்பக்காரர்கள் போகும் முன், வெட்டிய கிளைகளைக் குவித்துக் கொளுத்தப் பார்த்தார்கள். அது அவர்கள் வழக்கம். ரேஞ்சர் அம்மா விடவில்லை. குவியல் அப்படியே கிடக்கட்டும் என்றார். ஓடைப் பக்கத்துச் சோலையிலும் ஒரு மரம் தொடக் கூடாது என்றார். மானுக்கு மேய வெட்டவெளி வேண்டும், ஒளிய நிழல் வேண்டும், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும்.

குவியலின் அருமை ஆவணியில் தெரிந்தது. உள்ளே சரசரவென்று சத்தம். பாம்பு என்று நான் பின்வாங்கினேன். காட்டுக்கோழி! பெட்டைக்கோழி முன்னே, நாலு குஞ்சு பின்னே. புல்லுக்குள் வெட்டுக்கிளி பிடிக்க ஓடின. மான்மொட்டையில் கோழி! நான் கை தட்டிவிட்டேன். அவ்வளவுதான், ஐந்தும் குவியலுக்குள் மறைந்தன.

கோழி வந்தது. முயல் வந்தது. பெயர் தெரியாத ஊதாப் பூ வந்தது. மான் வரவில்லை.

புரட்டாசி போனது. புல் முழங்கால் உயரம். மான் வரவில்லை. ஐப்பசி மழை பிடித்தது. புல் இடுப்புக்கு வந்தது. நுனி கூடக் கடிபடவில்லை. இவ்வளவு பால் போன்ற புல்லை விட்டுவிட்டு எங்கே போய்த் தொலைந்தன?

எங்கே போயின என்று எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்துக்கு. அந்த வருஷம் போல எந்த வருஷமும் வந்ததில்லை. பக்கத்துத் தோட்டங்களில் வரப்போடு நின்றன. எங்கள் தோட்டத்தில் மட்டும் சொந்த வீட்டுக்குள் நுழைவது போல நுழைந்து பாத்தி பாத்தியாகத் தின்றன. மான்கிட்ட பேசியவள் தோட்டத்துக்குத்தான் மான் வருகிறது என்று ஊர் கிண்டல் செய்தது.

இவர் கிண்டல் செய்யவில்லை. தீபத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் பரணில் இருந்து சாக்கை இறக்கினார். ஒவ்வொரு கம்பியாக எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்தார். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சோறு குழைந்துவிட்டது.

மறுநாள் மழை விட்டிருந்தது. மலைக்கு ஓடினேன். சோலை ஓரத்தில் மண் களியாய் இருந்தது. அதில் குளம்படி.

ஒன்றா இரண்டா! பெரிய அடி, சின்ன அடி, ஒன்றின் மேல் ஒன்றாக. சோலையில் இருந்து புறப்பட்டு நேராகப் புல்லைப் பார்த்து வருகிறது. புல்லுக்குப் பத்தடி இருக்கும்போது நிற்கிறது. ஒரே இடத்தில் மிதிக்கிறது. திரும்பிப் போகிறது.

ஓரமாகவே நடந்தேன். அங்கேயும் அப்படித்தான். வந்திருக்கின்றன, நின்றிருக்கின்றன, திரும்பியிருக்கின்றன. எத்தனை நாளாகவோ வந்து வந்து திரும்பியிருக்கின்றன. என்ன கண்டு திரும்பின?

அந்த அடிகள் நின்ற இடத்திலேயே நானும் நின்றேன். தலையை மான் உயரத்துக்குத் தாழ்த்தினேன். என் முகத்துக்கு நேரே மாம்பழ மஞ்சள் படபடவென்று அடித்தது.

அதற்குப் பின்னால் சிவப்பு. அதற்குப் பின்னால் ஊதா.

நிமிர்ந்து கீழே ஊரைப் பார்த்தேன். பனி விலகியிருந்தது. ஒவ்வொரு தோட்டத்தைச் சுற்றியும் சேலைகள் ஆடிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரே ஒரு தோட்டம் மட்டும் அம்மணமாகக் கிடந்தது. என் தோட்டம்.

அட பாவி மகளே!

கீழே கட்ட வேண்டிய வேலியை அவிழ்த்துக் கொண்டுவந்து மேலே கட்டியிருக்கிறேன். வராதே என்று சொல்ல வேண்டிய இடத்தில் வா என்று சொல்லி, வா என்று கூப்பிட்ட இடத்தில் போ என்று விரட்டியிருக்கிறேன். ஏழு மாதமாக. என் கையால். என் சேலையால்.

சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனுஷி குரைப்பது போல இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பெண்கள் பயந்துபோய் ஓடி வந்தார்கள்.

"அவுத்துருங்கடி! எல்லாத்தையும் அவுத்துருங்கடி!"

சொன்னதும் புரிந்துகொண்டார்கள். ஏழு பேரும் பாய்ந்தோம். குச்சியைப் பிடுங்கு, துணியை உருவு, அடுத்தது. புல் இடுப்பை அறைந்தது. பனித்துளி முகத்தில் தெறித்தது. சிலம்பாயி அத்தனை துண்டையும் கழுத்தில் போட்டுக்கொண்டு சாமி வந்தவள் போல ஓடினாள். ஒரு மணி நேரம். மலையில் பச்சை மட்டும் மிச்சம்.

அப்படியே இறங்கி வந்து என் தோட்டத்தைச் சுற்றிக் கட்டினோம். இவர் வரப்பில் நின்று பார்த்தார். நான் மூச்சு வாங்க வாங்க எல்லாம் சொன்னேன்.

கேட்டு முடித்ததும் அவர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "ஏழு பொம்பளைக சேந்து மலைக்கே வேலி போட்டீங்களா?" இத்தனை மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "நாலு நாளுதான் இருக்கு மணி" என்றார்.

நான்கு நாளும் யாரும் மலை ஏறக் கூடாது என்று பெண்களுக்குச் சொல்லிவிட்டேன். எனக்குத்தான் அது பெரிய தண்டனை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். முதல் நாள் காலை தோட்டம் பார்த்தேன். நாலு பாத்தி போயிருந்தது. இரண்டாம் நாள் வரப்பு வரைக்கும் அடி, உள்ளே இல்லை. மூன்றாம் நாள் வரப்பில் அடியும் இல்லை. கேரட் இலை ஒன்று கூடக் குறையவில்லை.

இங்கே வரவில்லை. சரி. அங்கே போயிற்றா?

தீபத்தன்று விடியும்போது இவர் புறப்பட்டு நின்றார். தோளில் சாக்கு. "போய்ப் பாப்போம். இருந்தா இருக்கட்டும். இல்லைன்னா அங்கனயே சோலைத் தடத்துல வச்சுட்டு வருவேன்" என்றார். நான் தடுக்கவில்லை. கையடித்துக் கொடுத்த பேச்சு.

ஏறினோம். வெளுத்த வானம். பனி. அவர் முன்னே, நான் பின்னே. சாக்குக்குள் கம்பிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் ஒவ்வொரு எட்டுக்கும் கேட்டது.

மேட்டுக்கு வந்து ஒரு பெரிய அடிமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தோம். ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை. வெறும் வெள்ளை. அதற்குள்ளிருந்து ஒரு சத்தம் மட்டும். புல் அறுபடும் சத்தம். யாரோ நிதானமாகப் புல் அறுக்கிறார்கள்.

இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

வெயில் மேட்டைத் தொட்டது. பனி கலைந்தது. முதலில் ஒரு காது. பிறகு ஒரு முதுகு. பிறகு, ஐயோ, பிறகு எல்லாம்! பழுப்பு பழுப்பாய், ஈரம் பளபளக்க, இடுப்பளவு புல்லில் ஆறு கடமான். மான்மொட்டையில் மான். என் மலையில் மான்!

கத்த வேண்டும் போல் இருந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

அப்போது சாக்கு அவர் தோளில் இருந்து நழுவியது. கம்பி கலகலத்தது.

பெரிய பெட்டை தலையைத் தூக்கியது. காது இரண்டும் எங்களைப் பார்த்து விரிந்தன. முன்காலால் தரையை ஓங்கி மிதித்தது. ஆறும் சிலையாய் நின்றன. நாங்களும்தான். இவர் சாக்கை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்திருந்தார், ஒரு கம்பி கூட மூச்சு விடாதபடி.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பெட்டை எங்களைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் புல் கடித்தது. மென்றது. தலையைக் குனிந்தது. அதன் வயிற்றுக்குக் கீழே புல் அசைந்து ஒரு குட்டி எட்டிப் பார்த்தது. ஏழு!

இவர் முகத்தைப் பார்த்தேன். மான் தடம் பார்த்தே காலம் கழித்த மனுஷர். மான் நிம்மதியாக மேய்வதை அவர் இதற்கு முன் உட்கார்ந்து பார்த்தாரா, எனக்குத் தெரியாது. கண்ணைத் துடைக்கக் கூட அசையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து என் காதருகே குனிந்தார். "மிச்ச சரிவ எப்ப வெட்டுறாங்களாம்?"

"மாசியில."

"ஏழு பேரு பத்தாதே."

நான் பதில் சொல்லும் முன் அவர் உட்கார்ந்த இடத்திலேயே குனிந்தார். அடிமரத்தின் காலடியில், எங்கள் கண்ணுக்குத் தப்பிய ஒரு வாட்டில் கன்று. இரண்டு விரலால் பிடித்தார். மான் காதில் விழாதபடி, மெல்ல, மெல்ல, வேர் அறாமல் இழுத்து எடுத்தார். என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒண்ணு" என்றார்.